5 மணி 18 நிமிடம்: வன்னியில் ஓர் இடுப்பு மூட்டு விலகல்

பெரும்போக அறுவடை முடிகிற மாசி மாதம். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடு தாண்டி, நெல் மூட்டை ஏற்றிய பட்டா என்கிற சிறு லொறி ஒன்று இருட்டில் தாரில் படுத்திருந்த கட்டாக்காலி மாடுகளுக்குள் போய் விழுந்தது. வன்னியில் இரவில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும், பகலெல்லாம் வெயில் குடித்த தார் இரவில் சூடாக இருக்கும், மாடுகள் அதில்தான் வந்து படுக்கும். மாடு ஒன்று செத்தது, சாரதிக்கு நெற்றியில் கீறல். பக்கத்து ஆசனத்தில் பெல்ட் போடாமல் இருந்த 31 வயதுக்காரருக்கு வலது முழங்கால் டாஷ்போர்டில் மோதிப் பிளந்துவிட்டது. அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன், ஆஸ்பத்திரிகளின் பெயர்களும் இல்லை. நேரங்களை மட்டும் வாட் ரிக்கெற்றில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில்) இருந்தபடியே போடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையே நேரத்தைப் பற்றியதுதான்.

விபத்து 7.40. பின்னால் வந்த கன்டர் லொறி ஒன்றில் ஏற்றி, 8.15க்குப் பக்கத்திலிருந்த சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். 1990 என்ற தொலைபேசி இலக்கத்து அம்புலன்ஸ் சேவை 2018இலேயே வடக்குக்கு வந்துவிட்டது, கூப்பிட்டால் காசில்லாமல் வரும், ஆனாலும் எங்கள் சனம் வழியில் போகிற வாகனத்தை மறித்து ஏற்றுகிற பழக்கத்தை இன்னும் விடவில்லை. அங்கே முழங்கால் காயத்தைக் கழுவித் தைத்து, ஏற்பு ஊசி போட்டு, வலிக்கு ஒரு ஊசியும் போட்டார்கள். தொடையை அசைக்க முடியாமல் கத்தியதால் ‘தொடை எலும்பு முறிவா?’ என்று எழுதி, காலை நேராக்கிச் சிம்பு வைத்துக் கட்டப் பார்த்திருக்கிறார்கள். கட்ட முடியவில்லை. கடைசியில் இரண்டு தலையணையை முழங்காலுக்குக் கீழே கொடுத்து அம்புலன்ஸில் ஏற்றினார்கள். புறப்பட்டது 10.10. அந்த நேரம் அங்கே எக்ஸ்றே எடுக்க ஆள் இல்லை.

எங்களிடம் வந்தது 10.55. நான் அன்று ஈ.ரி.யு.வில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், இரவுக் கடமை.

ரிக்கெற்றோடு வந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது: ‘நோயாளி காலை நீட்ட ஒத்துழைக்கவில்லை.’ அந்த வரியை நான் பிறகு பல தரம் யோசித்திருக்கிறேன். நோயறிதல் முழுக்க அந்த வரிக்குள்ளேயே இருந்தது. தொடை எலும்பு முறிந்தவருடைய கால் வெளிப்பக்கம் சரிந்து கிடக்கும், வலியோடாவது நேராக்கிவிடலாம். இவருடைய கால் இடுப்பில் மடங்கி, மற்றக் காலின் பக்கமாகச் சாய்ந்து, பெருவிரல் மற்றப் பாதத்தின் மேல் போய் முட்டுகிற மாதிரி உள்ளுக்குத் திரும்பி, ஒரு அங்குலம் கட்டையாக இருந்தது. நீட்டப் பார்த்தால் வில்லை அமத்தி விட்டது போலத் திரும்ப மடங்கியது. ஒத்துழைக்காதது அவர் இல்லை, மூட்டு. தொடை எலும்பின் தலை கிண்ணக்குழியை விட்டுப் பின்னுக்குப் போய் இடுப்பெலும்பின் முதுகில் குந்தியிருக்கிறது. பின்புற விலகல் என்று சொல்வது இதைத்தான். அடிபட்டு விலகும் இடுப்புகளில் 10க்கு 9 இந்த வகை. மீதி முன்புறம் விலகும், அப்போது கால் அகன்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்.

எப்படி நடக்கிறது என்றால், ஆசனத்தில் இருக்கும்போது இடுப்பும் முழங்காலும் 90 பாகையில் மடங்கியிருக்கும். வண்டி நிற்கும், உடம்பு நிற்காது. முழங்கால் டாஷ்போர்டில் இடிக்க, அந்த விசை தொடை எலும்பு வழியாக நேராக மேலே ஓடி, தலையைக் கிண்ணத்துக்கு வெளியே தள்ளிவிடும். ஆகவே முழங்காலில் காயம் என்றால் அது முழங்கால் காயம் மட்டும் இல்லை, இடுப்புக்கு எழுதிய கடிதத்தின் உறை. உறையைத் தைத்து அனுப்பியிருந்தார்கள். (பிறகு நானும் இதையே தலைகீழாகச் செய்தேன், அதைக் கீழே சொல்கிறேன்.)

தொடுவதற்கு முதல் செய்த ஒரு வேலையை நான் சரியாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். “பெருவிரலை மேல தூக்குங்கோ” என்றேன். தூக்கப் பார்த்தார், விரல் கொஞ்சம் துடித்தது, அவ்வளவுதான். பாதத்தின் மேற்பக்கத்தைத் தொட்டால் மரத்த மாதிரி இருக்கிறது என்றார். கீழே அமத்தச் சொன்னால் நல்லாக அமத்தினார். பின்னுக்குப் போன எலும்புத் தலை சயாட்டிக் நரம்பை, அதிலும் பாதத்தைத் தூக்குகிற பகுதியை, நசித்திருக்கிறது. பின்புற விலகலில் 10 முதல் 20 சதவீதமானோருக்கு இது வரும். இதை இழுப்பதற்கு முதலே நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். எழுதாமல் இழுத்துவிட்டு, காலையில் பாதம் தொங்குகிறது என்று கண்டால், விபத்தில் வந்ததா நம் கையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமாக, இழுத்த பிறகு புதிதாக நரம்பு செத்திருந்தால் நரம்பு எங்காவது சிக்கிவிட்டதோ என்று உடனே திறந்து பார்க்க வேண்டி வரும்.

எக்ஸ்றே 11.25. நேர்ப்படத்தில் வலது எலும்புத் தலை இடதை விடச் சிறிதாகத் தெரிந்தது. பின்னுக்குப் போனதால் பிலிமுக்குக் கிட்ட வந்துவிட்டது, அதனால் சிறிதாக விழுகிறது. செந்தன் கோடு என்று சொல்வோமே, தொடை எலும்புக் கழுத்தின் கீழ் ஓரத்திலிருந்து இடுப்பெலும்பு ஓட்டையின் மேல் ஓரம் வரை வளைந்து போகிற அந்தக் கோடு, அது முறிந்திருந்தது. கால் உள்ளுக்குத் திரும்பியிருந்ததால் தொடை எலும்பின் உட்பக்கத்துச் சின்ன முண்டு தெரியவில்லை. இதெல்லாம் பரீட்சைக்குப் படித்தவை. நான் அதிக நேரம் பார்த்தது கழுத்தைத்தான். கழுத்தில் முறிவு இருக்கிறதை அறியாமல் இழுத்தால் தலையை ஒரு பக்கமும் தண்டை ஒரு பக்கமுமாகப் பிரித்துவிடுவோம், அதன் பிறகு அந்த இடுப்பை யாராலும் காப்பாற்ற முடியாது. பக்கவாட்டுப் படம் ஒன்றும் எடுத்துப் பார்த்தேன். முறிவு இல்லை. கிண்ணத்தின் பின் ஓரத்தில் மட்டும் ஒரு சிறு சில்லு.

சரி, என்ன செய்வது? எங்கள் எலும்பு நிபுணர் விடுமுறை. வழக்கம் என்னவென்றால் அனுப்புவது. யாழ்ப்பாணம் 65 கிலோமீட்டர் அளவில், ஏ9 நல்ல வீதி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. ஆனால் அம்புலன்ஸ் ஒரு பிரசவத் தாயோடு அப்போதுதான் போயிருந்தது, திரும்பி வர 1.30 ஆகும் என்றார்கள். மனதுக்குள் கணக்குப் போட்டேன்: 1.30க்கு ஏற்றி, 2.45க்கு இறக்கி, அங்கே திரும்ப எக்ஸ்றே, தியேட்டர் கிடைத்து, 4.30க்கு இழுத்தால் அதிர்ஷ்டம். விபத்து நடந்து கிட்டத்தட்ட 9 மணி நேரம்.

விலகிய இடுப்பை 6 மணி நேரத்துக்குள் திரும்பப் போட்டுவிட வேண்டும் என்பார்கள். அந்த எல்லை எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு: தொடை எலும்புத் தலைக்கு ரத்தம் முக்கியமாகக் கழுத்தின் பின்பக்கமாக ஏறுகிற ஒரு தமனியின் கிளைகளால் வருகிறது. தலை வெளியே இருக்கும் வரை அந்தக் கிளைகள் முறுகியும் இழுபட்டும் கிடக்கும். தண்ணீர்க் குழாயை மடித்துப் பிடித்த மாதிரி. சில கிளைகள் விபத்திலேயே அறுந்திருக்கும், அவற்றுக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. முறுகிக் கிடப்பவை மூட்டை உள்ளே போட்டால் திரும்ப ஓடும். 1980களில் வந்த ஒரு டேனிஷ் தொகுப்பில், 6 மணி நேரத்துக்குள் போட்டவர்களில் ரத்தம் போகாமல் எலும்புத் தலை செத்தது 5 சதவீதத்துக்கு அருகில், தாண்டியவர்களில் பாதிக்கும் மேல். பிறகு வந்த ஆய்வுகளில் இந்த இலக்கங்கள் கூடியும் குறைந்தும் இருக்கின்றன, 6 என்பது மந்திர எண்ணும் இல்லை, ஆனால் பிந்தப் பிந்தக் கேடு என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

11.40க்கு நிபுணரின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். நித்திரைக் குரல்.

“கழுத்து முறியேல்லை எண்டு வடிவாப் பாத்தீரோ?”

“ஓம் சேர், ரெண்டு படமும் பாத்தனான்.”

“அப்ப ஏன் அனுப்புறீர்? அங்க போனாலும் இழுக்கத்தான் போறாங்கள். மயக்க டொக்டரைக் கூப்பிடும். ரெண்டு தரம் இழும். வராட்டி அனுப்பும், மூண்டாம் தரம் கை வைக்காதையும்.”

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுத வேண்டும்: நான் முதலில் மயக்க டொக்டரைக் கூப்பிடவில்லை. அந்த டொக்டர் அக்கா பகல் முழுக்க தியேட்டரில் நின்றவ, இப்போதுதான் படுத்திருப்பா, ஈ.ரி.யு.விலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். வலிக்கு மோர்பின் 5 மில்லிகிராம், அரைத் தூக்கத்துக்கு மிடசோலம் 2 மில்லிகிராம். சிற்றூழியர் அண்ணை ஒருவர் இடுப்பின் இரண்டு முன் முனைகளையும் அமத்திப் பிடிக்க, நான் இடுப்பையும் முழங்காலையும் 90 பாகைக்கு மடித்து மேல் நோக்கி இழுத்தேன். ஆலிஸ் முறை. 19ஆம் நூற்றாண்டு முடிவில் பிலடெல்பியாவில் இருந்த ஆலிஸ் சொன்னது, இன்றும் எல்லோரும் முதலில் செய்வது. மூட்டை மடித்து இழுப்பதற்குக் காரணம் உண்டு. இடுப்பின் முன்பக்கத்தில் தலைகீழ் கவட்டை மாதிரி ஒரு தசைநார் இருக்கிறது, அதை விபரித்த பொஸ்டன் நிபுணர் பிகலோவின் பெயரையே அதற்குச் சொல்வார்கள், உடம்பிலேயே பலமானது. கால் நீட்டியிருக்கும்போது அது இறுகும், மடித்தால் தளரும். காலை நேராகப் பிடித்து இழுக்கிறவர் எலும்போடு இல்லை, அந்தத் தசைநாரோடு மல்லுக்கட்டுகிறார்.

வரவில்லை. நெல் மூட்டை தூக்கிப் பழகிய 31 வயதுத் தொடை, அரை மயக்கத்தில் அது எனக்கு எதிராக இழுத்தது. தள்ளுகட்டில் சில்லுப் பூட்டு வழுக்கி, கட்டிலும் நோயாளியும் நானும் அண்ணையுமாகச் சுவர்வரை போய் நின்றோம். 12.05. என் இரண்டு முயற்சியில் ஒன்றை வீணாக்கிவிட்டேன். தசை தளராமல் பலத்தால் இழுப்பது தோல்வி மட்டும் இல்லை, கிண்ண ஓரத்தில் எலும்புத் தலை உரசி உடையவும் கூடும்.

அக்காவைக் கூப்பிட்டேன். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “என்ன சாப்பிட்டவர்?”

7 மணிக்குப் புட்டும் மீன் குழம்பும்.

இந்த இடத்தில்தான் பல ஆஸ்பத்திரிகளில் வண்டி நிற்கிறது. வயிறு நிறைந்த ஆளுக்கு மயக்கம் கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குப் போகலாம், ஆகவே 6 மணி நேரம் பட்டினி வைத்துக் காலையில் செய்வோம் என்பார்கள். அக்கா அப்படிச் சொல்லவில்லை. அடிபட்டு வலியில் கிடக்கிறவருக்கு, அதுவும் மோர்பின் போட்டவருக்கு, வயிறு காலியாகாது, விடியும் வரை வைத்தாலும் அந்தப் புட்டு அங்கேயேதான் இருக்கும் என்றா. ஆகவே வயிறு நிறைந்தவருக்குச் செய்கிற மாதிரியே செய்வோம்: முதலில் ஒட்சிசன், பிறகு மயக்கத்துக்குப் புரோப்போஃபோல், உடனே தசையைத் தளர்த்தச் சக்ஸமெதோனியம், குழாயைப் போட்டு மூச்சுப்பாதையைப் பூட்டிவிடுவது. தியேட்டர் மேசையில் 12.40.

இம்முறை நான் முறையை மாற்றினேன். எனக்கு எடை 58 கிலோ, மேசையில் ஏறி நின்று இழுக்கிற ஆள் இல்லை. கலிபோர்னியாவில் பிரெஸ்னோ என்ற இடத்து அவசரப் பிரிவு டொக்டர்மார் 2011இல் எழுதிய முறை ஒன்று இருக்கிறது, பெயர் கப்டன் மோர்கன். அந்த ரம் போத்தல் லேபிளில் பீப்பாய் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்பாரே, அதே நிலைதான். இடுப்பை ஒரு துணியால் மேசையோடு கட்டினோம். என் பாதத்தை மேசையின் மேல் வைத்து, என் முழங்காலை அவருடைய மடித்த முழங்காலுக்குக் கீழே கொடுத்தேன். ஒரு கையால் அவருடைய கணுக்காலைக் கீழே பிடித்துக்கொண்டு, என் குதிக்காலை மெதுவாக உயர்த்தினேன். தூக்குவது கை இல்லை, கெண்டைக்கால். தொடையை உள்ளும் வெளியுமாக இலேசாக ஆட்டிக்கொண்டே ஒரு அரை நிமிடம். எதுவும் நடக்கவில்லை என்று நினைத்த நேரத்தில் டொக் என்று ஒரு சத்தம். சத்தம் என்பதை விட அது முதலில் என் முழங்காலில்தான் தெரிந்தது. அண்ணை “போட்டுது” என்றார். கதவு நிலையில் கதவு விழுந்தது போல.

12.58. ஆக 5 மணி 18 நிமிடம்.

அன்றிரவே ரிக்கெற்றின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 318 நிமிடம். அதில் வீதியில் போனது 35ம் 45ம், 80 நிமிடம். மீதி 238 நிமிடம் இரண்டு ஆஸ்பத்திரிகளின் சுவர்களுக்குள். அங்கே 115, எங்களிடம் 123. வன்னியில் தூரம் அதிகம், வாகனம் இல்லை, வீதி இருட்டு என்று நாங்கள் வழக்கமாகச் சொல்கிற காரணங்கள் எல்லாம் சேர்ந்து நேரத்தில் கால்வாசியைத்தான் தின்றிருக்கின்றன. முக்கால்வாசியைத் தின்றது தையல், கடிதம், தொலைபேசி, என்னுடைய கூச்சம். முதல் ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்களை விட நாங்கள் 8 நிமிடம் கூட எடுத்தோம், எங்களிடம் எக்ஸ்றேயும் தியேட்டரும் இருந்தும்.

மூட்டு உள்ளே போனதும் கால்கள் இரண்டும் ஒரே நீளம். மயக்கத்திலேயே இடுப்பை மெதுவாக மடித்துப் பார்த்தேன், 90 வரை உறுதியாக நின்றது. படம் எடுத்தோம், செந்தன் கோடு திரும்ப வளைந்தது. விழித்த பிறகு பெருவிரல் முன்பு மாதிரியே, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதையும் எழுதினேன்.

அடுத்த நாள் பகல் வெளிச்சத்தில், அவசரம் இல்லாமல், சீ.ரீ. ஸ்கானுக்கு யாழ்ப்பாணம் அனுப்பினோம். எக்ஸ்றேயில் வடிவாக இருக்கிற மூட்டுக்குள்ளே 2 மில்லிமீட்டர் எலும்புத் துண்டு சிக்கியிருக்கலாம், அது அரிசிக்குள் கல் மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் குருத்தெலும்பை அரைக்கும், ஆகவே மூட்டைப் போட்ட பிறகு சீ.ரீ. கட்டாயம். இவருக்கு மூட்டுக்குள் ஒன்றும் இல்லை. பின் ஓரச் சில்லு மிகச் சிறியது. பின் சுவரில் 20 சதவீதத்துக்குக் குறைவாக உடைந்திருந்தால் மூட்டு பொதுவாக நிற்கும், பாதிக்குக் கிட்டப் போனால் நிற்காது, தகடு வைத்துப் பூட்ட வேண்டும். 1951இல் தொம்சனும் எப்ஸ்டீனும் போட்ட ஐந்து வகையில் இது முதல் வகை, அதாவது நல்ல வகை. ஓபரேஷன் தேவையில்லை.

வாட்டில் தோலின் மேல் ஒட்டுகிற இழுவை, 3 கிலோ, வலி அடங்கும் வரை 4 நாள். முன்பெல்லாம் 6 கிழமை இழுவையில் படுக்க வைப்பார்கள், தலை சாகாமல் இருக்கும் என்ற நம்பிக்கை. அப்படி நீண்ட நாள் பாரம் வைக்காமல் இருப்பது தலையைக் காப்பாற்றும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. ஐந்தாம் நாள் ஊன்றுகோலோடு எழுப்பினோம்.

ஊன்றுகோல் எங்களிடம் அப்போது கையிருப்பில் இல்லை. ஒன்று வாங்க வேண்டும் என்று அவருடைய மனைவியிடம் சொன்னபோது, “வீட்டில இருக்கு டொக்டர், அத்தானின்ர” என்றா. நோயாளியின் மூத்த அண்ணர் 2009இல் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் கால் போட்டு நடக்கிறவர், ஊன்றுகோல் வீட்டு மூலையில் சாத்தியிருந்தது. வன்னியில் இது புதுமை இல்லை. பின்னேரம் அவரே கொண்டுவந்தார். தம்பியை விட ஒரு சாண் உயரமானவர். வாட்டில் கதிரையில் இருந்து திருகாணியைக் கழற்றி, இரண்டு ஓட்டை கீழே இறக்கிப் பூட்டி, கைப்பிடியையும் பதித்து, கக்கத்துக்கும் மேல் முனைக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி விட்டுப் பார்த்தார். எங்கள் பிசியோ மிஸ் சொல்லிக்கொடுக்க எதுவும் இருக்கவில்லை. “கக்கத்தில தொங்காத, கையில ஊண்டு” என்று அவரே தம்பிக்குச் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னவை எளிது, செய்வதுதான் கஷ்டம். 6 கிழமைக்குக் குந்தக் கூடாது, சம்மணம் கட்டக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பணிந்த முக்காலியில் இருக்கக் கூடாது, படுக்கும்போது கால்களுக்கிடையே தலையணை. மடங்கி, உள்ளே சாய்ந்து, உள்ளே திரும்பிய நிலையில்தான் மூட்டு கழன்றது, அந்த நிலைக்குத் திரும்பப் போகக் கூடாது. ஆனால் கக்கூஸ் குந்துகிற கக்கூஸ், சாப்பாடு நிலத்தில், பிள்ளை தூக்கக் குனிய வேண்டும். மலசலகூடத்துக்கு அவர்கள் செய்ததை நான் இப்போது எல்லா நோயாளிகளுக்கும் சொல்கிறேன்: கை வைத்த பிளாஸ்ரிக் கதிரையின் நடுவை வட்டமாக வெட்டி, வெட்டிய ஓரத்துக்குப் பழைய சைக்கிள் ரியூப்பைப் பிளந்து மாட்டி, கக்கூஸின் மேல் வைப்பது. வெட்டும்போது கதிரையின் முன் ஓரத்தில் நாலு விரல் அகலமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் பிளக்கும். முதல் கதிரை பிளந்ததாம்.

பாதம் தொங்கியதற்கு ஒரு பிளாஸ்ரிக் தாங்கி. நரம்பு திரும்புகிறதா என்று கிளினிக்கில் நாங்கள் சுத்தியலும் ஊசியும் வைத்துப் பார்த்ததை விட, செருப்பு சரியாகச் சொன்னது. முதல் மாதம் வாசல் தாண்டுவதற்குள் செருப்பு கழன்று விழும். மூன்றாம் மாதம் முற்றம் வரை நிற்கும். ஐந்தாம் மாதம் செருப்போடு கடைக்குப் போய் வந்தார், தாங்கியைக் கழற்றினோம். நசுங்கிய சயாட்டிக் நரம்பு பெரும்பாலானோருக்குப் பகுதியாகவாவது திரும்பும். இவருக்குப் பெருவிரல் மட்டும் கொஞ்சம் சோம்பல்.

மூன்றாம் மாதம் எம்.ஆர்.ஐ. தலை உயிரோடு இருந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம், படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவருக்கும் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இடுப்பு நல்லாத்தான் இருக்கு டொக்டர். வரம்பால இறங்கேக்க முழங்கால் பின்னால போற மாதிரிக் கிடக்கு.”

படுக்க வைத்து இரண்டு முழங்காலையும் 90க்கு மடித்துப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வலது கணைக்கால் எலும்பு இடதை விடப் பின்னுக்குத் தொய்ந்து கிடந்தது. தள்ளினால் இன்னும் போனது. முழங்காலின் பின் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கிறது. டாஷ்போர்டு முழங்காலுக்குக் கீழே கணைக்காலில் இடித்தால் அறுவது அதுதான், எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது, இடுப்பு விலகியவர்களில் அதே பக்க முழங்கால் காயம் சர்வசாதாரணம். முதல் ஆஸ்பத்திரி முழங்காலைப் பார்த்து இடுப்பை விட்டது, நான் இடுப்பைப் பார்த்து முழங்காலை விட்டேன். அதற்கு மிக நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருந்தது: 12.58க்குப் பிறகு, தசைகள் எல்லாம் தளர்ந்து, நோயாளி வலி தெரியாமல், முழங்கால் என் கையிலேயே 90 பாகையில் மடங்கி இருந்த அந்த ஐந்து நிமிடம். டொக் சத்தத்தின் மகிழ்ச்சியில் எல்லோரும் கைதட்டிக்கொண்டு நின்றோம். தையல் போட்ட காயம் என்பதால் முழங்காலுக்கு எக்ஸ்றே எடுத்து முழங்கால் சில்லு முறியவில்லை என்று பார்த்ததோடு சரி. அவரிடம் அன்றே சொல்லிவிட்டேன், இது முதல் நாளே கண்டிருக்க வேண்டியது என்று. அவர் பெரிதாக எடுக்கவில்லை, அண்ணர்தான் “அப்ப இவ்வளவு நாளும்?” என்று கேட்டார். பதில் இல்லை. முழுமையாக அறாத நடுத்தர வகை, ஓபரேஷன் தேவைப்படவில்லை, தொடையின் முன் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிதான். ஆனால் அந்தப் பயிற்சியை மூன்று மாதம் முந்தித் தொடங்கியிருக்கலாம்.

இங்கே இன்னொருவரைச் சொல்லாமல் விட்டால் இது வெற்றிக் கதை போல ஆகிவிடும். இதற்கு இரண்டு வருடம் முதல், 24 வயதுப் பெடியன், மோட்டார் சைக்கிள். அடிபட்ட அன்றே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். தொடையை மட்டும் எக்ஸ்றே எடுத்து, “முறிவு இல்லை” என்று சொல்லி, வலிக் குளிசையோடு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் படத்தை நான் பிறகு பார்த்தேன். படம் இடுப்பு மூட்டுக்கு ஒரு அங்குலம் கீழே முடிகிறது. எலும்புக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது மூன்றாம் வருட மாணவனுக்குத் தெரிந்த விதி. வீட்டார் பிறகு முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோய், எண்ணெய்க் கட்டுப் போட்டு, நாலாம் நாள் பாதம் தொங்குகிறது என்று எங்களிடம் வந்தார்கள். எங்கள் வாட்டில் எல்லோரும் வைத்தியரைத் திட்டினார்கள். முறிவு இல்லை என்று கடிதம் கொடுத்தது யார்? அந்தக் கடிதத்தை நம்பித்தானே அவர் கட்டினார்.

நாலாம் நாள் வெட்டித் திறக்காமல் இழுத்துப் பார்த்து வராமல், யாழ்ப்பாணத்தில் திறந்துதான் போட்டார்கள். ஒரு வருடம் நன்றாக நடந்தான். 14ஆம் மாதம் கவட்டில் வலி என்று வந்தான், படத்தில் தலையின் மேற்பக்கம் முட்டைக்கோது அமுங்கினது போல உள்ளே போயிருந்தது. தலை சாவது அன்றே நடந்துவிடும், தெரிவதற்குத்தான் மாதங்கள் எடுக்கும். இரண்டு வருடம் வரை, சிலருக்கு அதற்குப் பிறகும் வரும். ஆகவேதான் வலி இல்லாவிட்டாலும் கிளினிக்குக்கு வாருங்கள் என்று கெஞ்சுகிறோம். அவனுக்கு இப்போது செயற்கை மூட்டுக்கு முறை போட்டிருக்கிறது, அந்த வயதுக்குப் போடும் மூட்டை வாழ்நாளில் ஒரு தரமாவது மாற்ற வேண்டி வரும். மேசன் வேலை விட்டுவிட்டான்.

தலை சாகாதவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. மோதலில் நசுங்கிய குருத்தெலும்பு வருடங்கள் கழித்துத் தேயத் தொடங்கும். சாதாரண விலகலிலேயே ஐந்தில் ஒருவர் அளவில் பின்னாளில் மூட்டுத் தேய்வோடு வருவார்கள், கிண்ணமோ தலையோ உடைந்திருந்தால் இன்னும் கூட. நீண்ட காலத்தில் அதிகம் வருகிற சிக்கல் இதுதான், தலை சாவதை விட. கிளினிக்கில் இதைச் சொன்னால் முகம் மாறும், ஆனாலும் சொல்கிறேன், நெல் மூட்டை தூக்குகிற ஆளுக்கு 10 வருடத்துக்குப் பிறகு என்ன தொழில் என்று இப்போதே யோசிக்க நேரம் வேண்டும்.

இந்த நோயாளியின் வலிகளில் நாங்கள் எழுதாத ஒன்றும் இருக்கிறது. அந்த வருடச் சிறுபோகத்தை அவர் செய்யவில்லை. வயலைக் குத்தகைக்குக் கொடுத்தார். எங்கள் படிவத்தில் மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று எழுத இடம் உண்டு, போகம் எழுத இடம் இல்லை.

கடைசியாகப் பார்த்தது விபத்து நடந்து 26ஆம் மாதம். இடுப்பு 120 பாகை மடங்குகிறது, உள்ளே திரும்புவது இடதை விடக் கொஞ்சம் குறைவு, படத்தில் தலை உருண்டையாக, மூட்டு இடைவெளி சமமாக. நிலத்தில் இருந்து சாப்பிடுகிறார், குந்துகிறார், ஆனால் குந்தி எழும்பும்போது கையை இடது தொடையில் ஊன்றுகிறார். மழை இருட்டில் கவடு கடுகடுக்கிறதாம். வரம்பில் இறங்கும்போது இடது காலைத்தான் முதலில் வைப்பார். பட்டா வாகனத்தில் முன்னுக்கு ஏறினால் பெல்ட் போடுகிறாரா என்று கேட்டேன். “அதில பெல்ட் அறுந்து போச்சு டொக்டர், நான் பின்னால மூட்டைக்கு மேலதான் இருக்கிறனான்” என்றார். அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணரும் கூட வந்திருந்தார். கையில் அந்த ஊன்றுகோல். அவருடைய செயற்கைக் காலின் குழி சுருங்கிப் புண் பட்டிருக்கிறது, புதுக் கால் வரும் வரை திரும்ப ஊன்றுகோல்தான். திருகாணியைக் கழற்றி, இரண்டு ஓட்டை மேலே ஏற்றிப் பூட்டியிருந்தார்.